முதலில் கூடு, பின்னர்க் குஞ்சு

புறக்கடையில் சில கோழிகளை வளர்த்து வருதல் நம் நாட்டு உழவர் குடும்பங்களின் பழைய வழக்கமாகும். இதற்கெனத் தனி நிலம் வேண்டுவதில்லை. விலை கொடுத்து வாங்கும் தீவனமும் மிகுதியாக வேண்டுவதில்லை. அடுக்களைக் கழிவும், களத்தில் சிந்திய தானியமும், மண்ணைக் கிளறிப் பொறுக்கும் புழுபூச்சிகளுமே அவற்றின் உணவு. முட்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊட்டம் தருகிறது. மிஞ்சியதை விற்று வரும் காசு பெரும்பாலும் இல்லத்தரசியின் கையிலேயே தங்குகிறது. அக்காசு சிறிதாயினும், பிள்ளையின் நோட்டுப்புத்தகத்திற்கும் மருந்துக்கும் அவள் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டாதபடி செய்கிறது.

இவ்வழக்கம் மறைந்து வருகிறது என எண்ணுவோர் உளர். 2019-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பு இதற்கு மாறான செய்தியைத் தருகிறது. நாட்டிலுள்ள கோழியினப் பறவைகள் மொத்தம் 85 கோடியே 18 இலட்சம். அவற்றுள் புறக்கடையில் வளர்வன ஏறத்தாழ 31 கோடியே 70 இலட்சம். 2012-ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டால், புறக்கடைப் பறவைகள் ஏறத்தாழ 46 விழுக்காடு பெருகியிருக்கின்றன. பண்ணைப் பறவைகளின் பெருக்கமோ 4.5 விழுக்காடே. ஆகவே புறக்கடைக் கோழி என்பது பழமையின் எச்சமன்று. வளர்ந்துவரும் ஒரு துறையாகும்.

இவ்வளர்ச்சிக்கு மத்திய, மாநில அரசாங்கங்கள் வழங்கிவரும் குஞ்சுகளும் துணைபுரிகின்றன. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. எத்தனைக் குஞ்சுகள் வழங்கப்பெற்றன என்பதை நாம் ஒழுங்காகப் பதிவேட்டில் எழுதுகிறோம். அவற்றுள் எத்தனை முட்டையிடும் பருவம்வரை உயிரோடிருந்தன என்பதை அதே கருத்தோடு எழுதுகிறோமா? குஞ்சுகள் குறைவதற்கு நோய் ஒரு காரணம். அதற்குத் தடுப்பூசி உண்டு. அதைப்பற்றி நாம் பேசவும் செய்கிறோம். பருந்து, காகம், கீரி, பூனை, நாய், எலி, பாம்பு ஆகியவற்றின் வாய்ப்பட்டுக் குறைதல் மற்றொரு காரணம். இதனை விதியின் செயலெனக் கொண்டு வாளாவிருந்துவிடுகிறோம். இது விதியன்று, கதவில்லாக் கூட்டின் பயன் என்பதும், குஞ்சு வழங்குவதற்கு முன்னர்க் கூட்டிற்கு வழிசெய்வதே முறை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

பாணேர்க் குன்றின் அடிவாரத்தில்

புணே நகரின் மேற்குப் புறத்திலுள்ள பாணேர் ஒரு தலைமுறைக்கு முன்வரை சிற்றூர். இன்று மாநகரின் எல்லைக்குள் அடங்கி, அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கணினி நிறுவனங்களும் நிறைந்து காணப்படுகிறது. ஆயினும் பழைய ஊர்ப்பகுதி முற்றும் மறைந்துவிடவில்லை. அதன் ஒரு பக்கம் குகைக்கோயிலைத் தாங்கிய குன்று; மறுபக்கம் முளா ஆறு. குன்றின் சரிவில் புதரும் மரமும் உள்ளன. பழைய வீடுகள் சிலவற்றின் பின்புறத்தில் இன்றும் கோழி மேய்வதைக் காணலாம். பெருங்கோழிப் பண்ணைத் தொழிலுக்கு நாடெங்கும் பெயர்பெற்ற வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனத்தின் தலைமையகம் அமைந்துள்ள புணே நகரிலேயே, ஐந்தாறு கோழிகளைக் கொண்டு முட்டைக்காசு சேர்க்கும் குடும்பங்களும் இருக்கின்றன.

நகரம் நெருங்க நெருங்கக் கோழிக்குரிய ஆபத்துகள் குறையும் என்று நாம் எண்ணுவது இயல்பு. உண்மை அதற்கு மாறானது. நரியும் காட்டுப்பூனையும் அருகலாம். ஆனால் நகரத்துக் குப்பை வேறு சில உயிர்களைப் பெருக்கிவிடுகிறது. குப்பைமேட்டை நம்பித் தெருநாயும், வீடற்ற பூனையும், பெருச்சாளியும், காகமும், கரும்பருந்தும் பெருகுகின்றன. எலியைத் தேடிச் சாரையும் நல்லபாம்பும் வருகின்றன. குன்றின் புதர்களில் கீரி வாழ்கிறது. இவ்வாறு ஊரும் காடும் நகரமும் ஒருங்கு கூடுமிடத்தில், மூன்றிடத்து ஆபத்துகளும் ஒரு கோழிக்கூட்டின் வாயிலில் வந்து நிற்கின்றன. இந்நிலை பாணேருக்கு மட்டும் உரியதன்று. தாம்பரத்திற்கு அப்பாலும் கோயம்புத்தூரின் ஓரங்களிலும் பணிபுரியும் அன்பர்கள் இதே காட்சியைத் தம்மூரில் காண்பர்.

‘எதிரி’ என்னும் சொல்

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ளோர்க்கு ஒரு சிறு சொல்லும் பெருந்தொல்லை தருவதுண்டு. கோழி வளர்ப்பைப் பற்றிய ஆங்கிலக் கையேடுகளைத் தமிழாக்கும்போது, பிற உயிரைக் கொன்று தின்னும் உயிரைக் குறிக்கும் சொல்லுக்கு நம்மவர் பலர் ‘எதிரி’ என்று எழுதிவிடுகின்றனர். ‘கொன்றுண்ணி’ என்னும் பொருத்தமான சொல் நம்மிடம் இருக்கிறது. எதிரி என்றவுடனே படிப்போர் உள்ளத்தில் எழுவது, அதை ஒழிக்க வேண்டும் என்னும் எண்ணமே. கொன்றுண்ணி என்றால், அது தன் இரையைத் தேடி வருகிறது என்பதும், இரை எளிதில் கிட்டாவிடில் வேறிடம் நாடிப் போய்விடும் என்பதும் விளங்கும். சொல் மாறினால் செய்கையும் மாறும்.

மற்றொரு குறையும் உண்டு. அக்கையேடுகள் அமெரிக்க நாட்டு ரக்கூனையும், ஐரோப்பிய நாடுகளின் செந்நரியையும் முன்னிறுத்தி எழுதப்பட்டவை. ரக்கூன் நம் நாட்டுக் காடுகளில் இல்லாத விலங்கு. நம் பிள்ளைகள் அறிய வேண்டியவை கீரியும் மரநாயும் பெருச்சாளியும் சாரையுமே. வேடிக்கை யாதெனில், இவற்றுள் இரண்டிற்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயர்களே நம் மண்ணிலிருந்து சென்றவை. கீரிக்கு அவர்கள் வழங்கும் ‘மங்கூஸ்’ என்னும் பெயர் மராத்தியிலிருந்து பெறப்பட்டது. பெருச்சாளிக்கு வழங்கும் ‘பாண்டிகூட்’ என்பது, பன்றியெலி எனப் பொருள்படும் ‘பந்திகொக்கு’ என்னும் தெலுங்குச் சொல்லின் திரிபு. பெயரை நம்மிடம் பெற்றுக்கொண்டவர்களின் நூலைப் பார்த்து, நம் முற்றத்து விலங்கை நாம் மறந்துவிடலாகாது.

வந்துபோனது எது?

காவல் எதுவாயினும், வந்துபோன விலங்கு எதுவென அறிவதே முதற்படி. இதற்குப் பெருங்கருவி வேண்டா. அடுப்புச் சாம்பலும் கூர்ந்த பார்வையும் போதும். மாலையில் கூட்டைச் சுற்றி இரண்டடி அகலத்திற்குச் சாம்பலையோ நுண்மணலையோ பரப்பிவைத்தால், காலையில் அடிச்சுவடு தானே சொல்லும்.

பிற அடையாளங்களும் உள. பட்டப்பகலில் குஞ்சு மட்டும் சுவடின்றி மறைந்தால் பருந்தையோ காகத்தையோ ஐயுறலாம். ஒரே வேளையில் பல கோழிகள் கடிபட்டு, தின்னப்படாமலே கிடந்தால் அது பெரும்பாலும் நாயின் செயல். முட்டை ஓடுகூட மிச்சமின்றி மறைந்தால் பாம்பு விழுங்கியிருக்கக்கூடும். ஓடு உடைந்து கிடந்தால் கீரியையோ காகத்தையோ எலியையோ நினைக்க வேண்டும். இரவில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கூட்டின் மூலையில் புதிய வளை காணப்பட்டால் எலியும் பெருச்சாளியுமே காரணமாதல் கூடும். இவை உறுதியான சான்றுகளல்ல. ஆராய்ச்சிக்குத் தொடக்கம் எனக் கொள்ளத்தக்கவை.

காலமும் ஓர் அறிகுறியாகும். சாம்பல்நிறக் கீரி பகலில் இயங்குவது; மரநாயும் புனுகுப்பூனையும் இரவில் இயங்குவன. இதை அறியாமல், பகலில் வந்த கீரியின் பிழையை இரவுக் காவலின் மேல் சுமத்துவோரும், இரவில் வந்த மரநாயின் பிழையைக் கீரியின் மேல் சுமத்துவோரும் பலர்.

ஒழித்தலால் பயனுண்டா?

கோழியைப் பறிகொடுத்தவர் முதலில் நினைப்பது பொறியையும் நஞ்சையுமே. அவர்தம் சினம் நியாயமானது. ஆனால் அவ்வழி பயன் தருவதில்லை என்பதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குத் தரும் பொருள் விரிவானது. கொல்லுதல் மட்டுமன்றி, கண்ணி வைத்தல், பொறியிற் பிடித்தல், நஞ்சிடுதல், இவற்றுக்கான முயற்சி ஆகிய யாவும் அதனுள் அடங்கும். கீரி, காட்டுப்பூனை, நரி, நல்லபாம்பு, சாரை முதலியன அச்சட்டத்தின் காப்பைப் பெற்றவை. காகம், எலி முதலியவற்றைத் தீங்குயிர்கள் என நிலையாக வகுத்திருந்த ஐந்தாம் அட்டவணையும் 2022-ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீங்கிற்று. களப்பணியாளர் ஒருவர் நன்னோக்கத்தோடு பொறி வைக்கச் சொன்னாலும், அதன் விளைவைச் சுமப்பவர் அச்சொல்லைக் கேட்ட உழவரே.

இரண்டாவது இயற்கையின் பின்னல். கீரி நம் முட்டையைத் தின்னுகிறது. நம் வீட்டு எலியையும் பாம்பையும் தின்பதும் அதுவே. சாரை குஞ்சைப் பிடிக்கிறது. களஞ்சியத்து எலியை ஒழிப்பதும் அதுவே. பயிர்மருந்தை இறைச்சியில் கலந்து வைத்தால், அதை உண்டு மடிந்த எலியைத் தின்னும் ஆந்தையும் பருந்தும் வீட்டு நாயும் மடியக்கூடும். அந்நஞ்சு பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் கிடப்பதை எவரும் மறத்தலாகாது.

விலங்கு ஒன்றை ஓரிடத்தில் நண்பனென்றும் மற்றோரிடத்தில் பகைவனென்றும் முடிவுகட்டுவதன் தீங்கை உலக வரலாறும் காட்டுகிறது. 1872-இல் ஜமெய்க்காத் தீவின் கரும்புத்தோட்டங்களில் எலியை ஒழிப்பதற்கென்று கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளைக் கொண்டுசென்றனர். 1883-இல் அவை ஹவாய்த் தீவுகளுக்கும் சென்றன. சில ஆண்டுகளில் அவை பெருகி, தரையில் கூடுகட்டும் பறவைகளையும் வீட்டுக் கோழிகளையும் அழிக்கத் தலைப்பட்டன. நன்மை செய்யுமென்று கொணர்ந்த உயிரே பெருந்தொல்லையாயிற்று. ஓர் உயிரைப் புகுத்துவதன் விளைவை முன்கூட்டி அறிய இயலாதவாறே, அதை அகற்றுவதன் விளைவையும் நம்மால் முன்கூட்டி அறிய இயலாது.

மூன்றாவது காரணத்திற்குச் சான்று புணே மாவட்டத்திலேயே உள்ளது. மாவட்டத்தின் வடபகுதியிலுள்ள ஜுன்னர் வட்டாரத்தின் கரும்புக் காடுகளில் சிறுத்தைகள் வாழ்கின்றன. அவற்றைப் பிடித்து வேறிடங்களில் விடும் முயற்சி 2001-இல் பேரளவில் தொடங்கிற்று. வித்யா ஆத்ரேயாவும் அவருடைய கூட்டாளிகளும் அதன் விளைவை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டனர். 1993 முதல் 2001 வரை அப்பகுதியில் மனிதர்மேல் சிறுத்தை பாய்ந்த நிகழ்ச்சிகள் ஆண்டுக்குச் சராசரி 4. இடமாற்றம் தொடங்கிய பின்னர் அச்சராசரி 17 ஆயிற்று. விலங்கை அகற்றியதால் தொல்லை குறையவில்லை, பெருகியது.

சிறுத்தை வேறு, கீரி வேறு என்பர். உண்மையே. ஆயினும் படிப்பினை ஒன்றுதான். இரை கிடைக்கும் இடம் திறந்திருக்கும்வரை, ஒன்றை அகற்றினால் மற்றொன்று அவ்விடத்திற்கு வரும். ஆதலின் நாம் மாற்ற வேண்டுவது விலங்கையன்று, இடத்தையே.

தாயற்ற குஞ்சுகள்

இக்கேட்டை நம் முன்னோர் அறியாதவரல்லர். குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவர், மாலைப்பொழுதில் வேலியோரம் காட்டுப்பூனைகள் வந்துற்றபோது, புகுமிடம் அறியாமல் மருளும் குஞ்சுகளை வீட்டுக்கோழி கூவியழைக்கும் காட்சியை உவமையாகக் காட்டியுள்ளார். மாலை நேரம், வேலியோரம், புகுமிடமின்மை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த அக்காட்சி இன்றும் நம் புறக்கடைகளில் நிகழ்கிறது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அப்பாட்டில் தாய்க்கோழி இருந்தது. அடைகாத்துப் பொரித்த கோழி தன் குஞ்சுகளுக்கு ஆசிரியையும் காவலாளியுமாகும். வானிலிருந்து வரும் ஆபத்திற்கு ஒரு குரலும், தரைவழி வரும் ஆபத்திற்கு வேறொரு குரலும் கோழியினத்திற்கு உண்டென்று ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். முதற்குரல் கேட்டவுடன் மற்றவை பதுங்கும். இரண்டாங்குரல் கேட்டால் தலைநிமிர்ந்து விழிப்பாயிருக்கும். இப்பாடத்தைக் குஞ்சு தாயின் சிறகடியில் பயில்கிறது.

இன்று நாம் வழங்குவனவோ பொரிப்பகத்தில் இயந்திரம் பொரித்த குஞ்சுகள். ஐதராபாத்து இராஜேந்திரநகரிலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா முதலிய இனங்கள் புறக்கடைக்கு ஏற்றவை என்பதில் ஐயமில்லை. பல்வண்ண இறகும் நீண்ட காலும் வனராஜாவுக்கு இருப்பது, கொன்றுண்ணியின் பார்வையிலிருந்து மறையவும் விரைந்து ஓடவும் உதவும் பொருட்டே. ஆயினும் எவ்வளவு நல்ல இனமாயினும், கூவியழைக்கத் தாயில்லாத குஞ்சுக்கு மாலையில் எங்கே போவதெனத் தெரியாது. ஆறு வாரம்வரை அதனைக் கதகதப்பான காப்பிடத்தில் வளர்த்த பின்னரே வெளியில் விட வேண்டும் என்று வல்லுநர் வற்புறுத்துவதன் பொருள் இதுவே. தாயின் இடத்தைக் கூடுதான் நிரப்ப வேண்டும். அக்கூடில்லாமல் குஞ்சை வழங்குவது, சேர்க்கைப் பதிவேட்டில் பெயரை எழுதிவிட்டுப் பிள்ளையை வகுப்பறைக்கு வெளியே நிறுத்துவது போன்றதாகும்.

கூட்டின் இலக்கணம்

நல்ல கூடு ஒன்றுக்கு வேண்டுவன சிலவே. பத்துக் கோழிகளுக்கு ஐந்தடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள கூடு போதும். கோழிக்கு ஏறத்தாழ ஒன்றரைச் சதுர அடி என்பது இதன் கணக்கு. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், நான்கு கால்களின்மேல் அது நிற்றல் வேண்டும். உயரத்திலிருப்பது ஈரத்தைத் தடுக்கும். எச்சம் கீழே விழுந்துவிடும். தோண்டிப் புகும் விலங்குக்கு வழியிராது. கால் ஒவ்வொன்றிலும் தகரத்தைக் கவிழ்த்த புனல்போல் சுற்றிவிட்டால் எலி ஏறாது.

பக்கங்களுக்குரிய வலையைப் பற்றி ஒன்று விளக்க வேண்டும். அறுகோணக் கண்களையுடைய மெல்லிய ‘கோழிவலை’ என்பது கோழியை உள்ளே நிறுத்துவதற்கு ஆனது. நாயையோ கீரியையோ வெளியே நிறுத்துவதற்கு ஆனதன்று. நாய் அதைக் கிழித்துவிடும்; எலி அதன் கண்வழியே நுழையும். கடைகளில் ‘வெல்டு மெஷ்’ என்று கேட்டால் கிடைக்கும் பற்றவைத்த கம்பிவலையே ஏற்றது. அதன் கண் அரை அங்குலத்திற்கு மிகலாகாது. அரை அங்குலக் கண்ணில் வளர்ந்த எலியும் பாம்பும் கீரியும் நுழைதல் இயலாது. பக்கம் முழுவதற்கும் இவ்வலையை வாங்க இயலாதவர் கீழ்ப்பாதியைப் பலகையாலோ தகரத்தாலோ அடைத்து, காற்றோட்டத்திற்கு வேண்டிய மேற்பாதிக்கு மட்டும் வலையைப் பயன்படுத்தலாம். கட்டட வேலை ஓயாமல் நடக்கும் பாணேர் போன்ற இடங்களில் பழைய பலகையும் தகரமும் குறைந்த விலையில் கிடைப்பது அரிதன்று.

கூட்டின் உயிர்நிலை கதவு. வெறும் கயிற்று முடிச்சும் சாத்திவைத்த கல்லும் கதவாகா. வெளிப்புறமாகத் திறப்பதும், சட்டத்தோடு இடைவெளியின்றிப் பொருந்துவதும், தாழ்ப்பாளோடு அது தானே விலகாதபடி ஓர் ஆணியோ கொக்கியோ உடையதுமாக அது இருத்தல் வேண்டும். உள்ளே உட்காருவதற்கு உருண்டைக் கழிகளும், நான்கைந்து கோழிகளுக்கு ஒன்றாக முட்டையிடும் பெட்டிகளும் அமைக்க வேண்டும்.

கோழிக்கு இருளில் கண் நன்றாகத் தெரியாது. இருட்டியபின் உட்கார்ந்த இடத்தைவிட்டு அது அசைவதில்லை. அதனாலேயே மரத்தில் தங்கும் கோழி மரநாய்க்கு எளிதில் இரையாகிறது. இக்குணமே நமக்கு உதவியாகவும் அமைகிறது. புதிய கோழிகளை ஐந்தாறு நாள் கூட்டிலேயே அடைத்துவைத்தால், பின்னர் அந்திவேளையில் அவை தாமே அக்கூட்டிற்குத் திரும்பும். கதவைச் சாத்துவது மட்டுமே நம் வேலை.

பகற்காவல்

இரவுக் கூடு எல்லாத் தொல்லைக்கும் மருந்தாகாது. பருந்தும் காகமும் கீரியும் பகலில் வருவன. இளங்குஞ்சுகளுக்கு நம் ஊர்ப் பஞ்சாரம் இன்றும் நல்ல துணை. மூங்கிற் சிம்பால் பின்னிய அக்கூடையைத் தாயோடு குஞ்சுகளின்மேல் கவிழ்த்து, மேலே கனமான கல்லை வைத்தால் வானத்துப் பறவை அணுக முடியாது. ஆனால் பஞ்சாரம் இரவுக்கு உதவாது. பாம்பும் எலியும் அதன் இடைவெளியில் நுழையும். நாய் அதைப் புரட்டிவிடும்.

மேயும் இடத்தில் தாழ்ந்த புதர்களை வெட்டாமல் விட்டுவைத்தால் கோழி பதுங்க இடம் உண்டாகும். மரங்களைக் காத்தால் கரிச்சான் குருவி தங்கும். அது தன் கூட்டின் பக்கம் வரும் பருந்தையும் காகத்தையும் விடாது துரத்தும் இயல்புடையது. மராத்தியர் அதற்குக் ‘கோத்வால்’ என்று பெயரிட்டது பொருத்தமே. சுற்றடைப்புக் கட்டுவோர் வலையின் அடியை ஓரடி ஆழம் புதைக்க வேண்டும்; அல்லது வெளிப்புறமாக ஒன்றரை அடி தரையிற் படுக்கவைத்து மண்ணிட்டு மூட வேண்டும். தோண்டத் தொடங்கும் விலங்கு அடைப்பின் ஓரத்திலேயே தோண்டுமாதலால், வலையைக் கண்டு நின்றுவிடும்.

முட்டையை நாளுக்கு இருமுறை எடுத்துவிடுதல் நலம். தீவனத்தை இரவில் வெளியே விடலாகாது. சிந்திய தீவனத்திற்கு எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். தீவனமும் நீரும் கூரையின்கீழ் இருப்பதால் மற்றொரு நன்மையும் உண்டு. 2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மகாராஷ்டிரத்து நந்துர்பார் மாவட்டத்தின் நவாபூரில் பறவைக்காய்ச்சல் நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. காட்டுப்பறவைகளின் எச்சம் கோழியின் உணவில் விழாமற் காப்பது அந்நோயைத் தடுக்கும் வழிகளுள் ஒன்று. கொன்றுண்ணியைத் தடுக்கும் கூரையும் வலையும் நோயையும் ஓரளவு தடுக்கின்றன.

செலவும் கணக்கும்

கூட்டின் விலை குஞ்சுகளின் விலையை மிஞ்சுகிறதே என்பர் சிலர். இத்தடையை எளிதாகத் தள்ளிவிட இயலாது. நாட்கூலியில் வாழும் குடும்பத்திற்கு ஒரு சுருள் கம்பிவலையும் பெருஞ்செலவே. ஆனால் குஞ்சின் விலையோடு கூட்டின் விலையை ஒப்பிடுவது முறையன்று. வளர்ந்த கோழி தரும் பயனோடு ஒப்பிடுவதே முறை. வனராஜாக் கோழி புறக்கடையில் ஆண்டுக்கு 100 முதல் 110 முட்டைகள் இடும் என்பது கணக்கு. ஒரு குடும்பம் பெற்ற குஞ்சுகளில் நான்கு பெட்டைகள் பூனைக்கும் எலிக்கும் இரையாயின என்று கொள்வோம். அக்குடும்பம் இழந்தது நான்கு குஞ்சுகளின் விலையன்று. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 400 முட்டைகள். குஞ்சு ஒரே முறை வரும். கூடு பல ஆண்டு நிற்கும்.

ஆகவே திட்டம் வகுப்போர்க்கும் அதனை நடத்துவோர்க்கும் மூன்று கருத்துகளை முன்வைக்கலாம். முதலாவது, கூடு ஆயத்தமாகியிருப்பதைக் களப்பணியாளர் நேரிற் கண்ட பின்னரே குஞ்சு வழங்க வேண்டும். பணம் போதாவிடில் குஞ்சின் எண்ணிக்கையைக் குறைத்து, மிஞ்சிய தொகையைக் கூட்டிற்குத் தரலாம். காவலில்லாத இருபதைவிடக் காவலுள்ள பன்னிரண்டு மேலானது. இரண்டாவது, பதிவேட்டில் ‘வழங்கியது’ என்னும் கட்டத்தோடு ‘ஆறு திங்களுக்குப் பின் உயிரோடுள்ளது’ என்னும் கட்டமும் இடம்பெற வேண்டும். திட்டத்தின் வெற்றியை அளப்பதற்கு இரண்டாங் கட்டமே தக்கது. மூன்றாவது, இறந்தவற்றுக்குக் காரணத்தையும் எழுத வேண்டும். நோயா, நாயா, பருந்தா, எலியா என்பது தெரிந்தாலன்றி, எவ்வூருக்கு மருந்து வேண்டும், எவ்வூருக்கு வலை வேண்டும் என்று முடிவு செய்தல் இயலாது.

இதனால் வேலை கூடும் என்பது மெய்யே. ஆறு திங்கள் கழித்து மீண்டும் ஒவ்வொரு வீட்டிற்கும் செல்வது எளிதன்று. எனினும், ஒருமுறை குஞ்சு பெற்று இழந்த குடும்பம் மறுமுறை நம் சொல்லை நம்புவதில்லை. ‘சர்க்கார் கோழி தங்காது’ என்னும் பேச்சு ஒருமுறை ஊரிற் பரவிவிட்டால், அதை மாற்றுவதற்கு ஆகும் உழைப்பு இதனினும் பெரிது.

ஆசிரியப் பெருமக்களுக்கு

பள்ளி இதில் பெரும்பணி ஆற்றலாம். சாம்பலிற் பதிந்த சுவட்டைப் பார்த்து வந்த விலங்கைக் கூறுவது நல்லதோர் உயிரியற் பாடம். எலி, பாம்பு, கீரி, பருந்து ஆகியவற்றின் உணவுத் தொடரைக் கரும்பலகையில் வரைவதற்கு முன், மாணவர் தம் வீட்டுப் புறக்கடையிலேயே அதைக் காணட்டும். வாரத்திற்கு எத்தனை முட்டை, எத்தனைக் கோழி, எது குறைந்தது, ஏன் குறைந்தது என்று ஒரு சிறு ஏட்டில் எழுதிவரட்டும். கணக்கும் அறிவியலும் ஒருங்கே பயிலப்படும். அந்திவேளையில் கோழிகளை எண்ணிக் கதவைத் தாழிடும் பொறுப்பை வீட்டுப் பிள்ளை ஏற்றுக்கொண்டால், வயலிலிருந்தோ வேலைத்தலத்திலிருந்தோ களைத்து வரும் தாய்க்கு ஒரு கவலை குறையும். பாம்பு புகுந்த கூட்டில் கைவிடலாகாது என்பதையும், பெரியவர்களை அழைக்க வேண்டும் என்பதையும் அவர்கள் தவறாமல் சொல்லித்தர வேண்டும்.

கீரியும் பருந்தும் நம்மைவிட்டு நீங்கப்போவதில்லை, நீங்கவும் வேண்டா. அவை தம் இரையைக் குன்றிலும் வயலிலும் தேடிக்கொள்ளட்டும். நம் கோழியை அவற்றுக்கு எளிய இரையாக்காதிருப்பதே நம் கடமை. அடுத்த முறை குஞ்சுகள் வந்திறங்குவதற்கு முன்னர், களப்பணியாளர் ஒவ்வொருவரும் தம் வட்டத்தில் பெயர் கொடுத்துள்ள குடும்பங்களின் புறக்கடையை ஒருமுறை சென்று பார்ப்பாராக. அங்கே உறுதியான கதவுள்ள கூடு ஒன்று நிற்குமாயின் குஞ்சை மகிழ்ச்சியோடு வழங்கலாம். இல்லையேல், அதைக் கட்டுவதற்கு வழிசொல்லுவதே அன்றைய நாளின் முதற்பணியாகும்.